முகவர்கள் மறுத்த மொழிபெயர்ப்பு நூலுக்கு அடுத்த வழி எது?

ஒரு நாவலோ சிறுகதைத் தொகுப்போ ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு, அதன் மாதிரி அத்தியாயங்கள், நூலைப் பதிப்பகங்களிடம் விற்றுத்தரும் இலக்கிய முகவர்களுக்கு அனுப்பப்பட்டு, மறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்த பிறகு, எழுத்தாளரும் மொழிபெயர்ப்பாளரும் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். இன்னும் பல முகவர்களுக்கு எழுதுவதா, முகவர் இல்லாமலேயே சிறு பதிப்பகங்களை அணுகுவதா, இதழ்களில் பகுதிகளை வெளியிட்டு நூலுக்கு முதலில் ஒரு கவனத்தை ஈட்டுவதா, மூலநூலைப் பதிப்பித்தவரிடமே உரிமை விற்பனையை ஒப்படைப்பதா, சொந்தமாகப் பதிப்பித்துவிடுவதா, அல்லது சிறிது காலம் எடுத்து வைப்பதா என்பவையே எதிரில் இருக்கும் வழிகள். இவற்றை வருமானத்தை வைத்தோ கௌரவத்தை வைத்தோ ஒப்பிடுவது வழக்கம். என் பார்வையில் அவற்றைவிடப் பயனுள்ள அளவுகோல் வேறொன்று: இந்த வழியில் இறங்கிய பின் மற்ற வழிகளில் எவை அடைபட்டுப்போகும்? மறுப்பின் வலி ஆறாத நிலையில் எடுக்கப்படும் முடிவுகளில் சிலவற்றைப் பின்னால் எவ்வளவு விரும்பினாலும் மாற்ற முடியாது. ஆகவே எந்த வழி என்பதோடு எந்த வரிசையில் என்பதும் சேர்த்தே பார்க்கப்பட வேண்டும்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன், முகவர்கள் மொழிபெயர்ப்பு நூல்களை ஏன் இவ்வளவு எளிதில் தள்ளிவிடுகிறார்கள் என்பதைக் கணக்காகவே பார்த்துவிடுவது நல்லது. முகவரின் வருமானம் எழுத்தாளருக்கு வரும் தொகையிலிருந்து எடுக்கும் தரகுதான். உள்நாட்டு விற்பனைக்கு 15 விழுக்காடும் வெளிநாட்டு உரிமைகளுக்கு 20 விழுக்காடும் என்பது பரவலான நடைமுறை. ஆங்கிலத்திலேயே எழுதப்பட்ட நாவலுக்குப் பதிப்பகம் எழுத்தாளருக்கு மட்டும் முன்பணம் கொடுத்தால் போதும். மொழிபெயர்ப்பு நாவலுக்கு மொழிபெயர்ப்பாளரின் ஊதியத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பிரிட்டனில் ஆயிரம் சொல்லுக்கு ஏறத்தாழ 100 பவுண்டு என்ற அளவில் பேசப்படுவது உண்டு. அந்தக் கணக்கில் 80,000 சொற்கள் கொண்ட நாவலுக்கு மொழிபெயர்ப்பு ஊதியம் மட்டுமே 8,000 பவுண்டு ஆகிவிடும். அந்தச் செலவை நினைத்துப் பதிப்பகம் எழுத்தாளரின் முன்பணத்தைக் குறைக்கிறது. எழுத்தாளருக்கு 2,000 பவுண்டு முன்பணம் கிடைத்தது என்று வைத்துக்கொண்டால், முகவரின் பங்கு 300 பவுண்டு. ஆறு மாதமோ ஓராண்டோ கடிதம் எழுதிப் பல பதிப்பாசிரியர்களிடம் பேசி அவர் ஈட்டுவது அவ்வளவுதான். அமெரிக்காவில் வெளியாகும் நூல்களில் மொழிபெயர்ப்புகள் ஏறத்தாழ 3 விழுக்காடு என்பதும், புனைவையும் கவிதையையும் மட்டும் எடுத்துக்கொண்டால் அது 0.7 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது என்பதும் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தின் மொழிபெயர்ப்புத் திட்டம் பரவலாக்கிய மதிப்பீடு. அத்திட்டம் தன் வலைத்தளத்துக்கே ‘த்ரீ பெர்சென்ட்’ என்று பெயர் வைத்தது. இவ்வளவு ஒடுங்கிய சந்தையில் ஒரு முகவர் சொல்லும் ‘முடியாது’ பெரும்பாலும் அவருடைய நேரத்தைப் பற்றிய கணக்கு. நூலின் தகுதியைப் பற்றிய தீர்ப்பாக அதை எடுத்துக்கொள்வது, அதில் இல்லாத ஒன்றைப் படிப்பதாகும்.

ஆனாலும் எல்லா மறுப்புகளையும் ‘வெறும் கணக்கு’ என்று ஒதுக்கிவிடுவதும் சரியாகாது. மறுப்புகளில் வகைகள் உண்டு. எந்த வகை வந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே அடுத்த முடிவு அமையும். பதிலே வராதது முதல் வகை. ‘இத்தனை வாரங்களுக்குள் பதில் இல்லையெனில் விருப்பமில்லை என்று கொள்ளவும்’ என்று பல முகவர் நிறுவனங்கள் தங்கள் விதிமுறைகளிலேயே எழுதிவைத்திருக்கின்றன. அந்த மௌனத்திலிருந்து கற்றுக்கொள்வதற்கு எதுவும் இல்லை. அச்சடித்தாற்போன்ற இரண்டு வரிக் கடிதம் இரண்டாவது. அதிலும் தகவல் இல்லை. மூன்றாவது வகைதான் கவனிக்கத்தக்கது. ‘எழுத்தின் தரத்தில் எனக்கு ஐயமில்லை, ஆனால் இதை எந்தப் பதிப்பாசிரியரிடம் கொண்டுபோவது என்று எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை’ என்று ஒரு கடிதம் வந்ததாகக் கொள்வோம். இதன் முதல் பாதியை மரியாதைக்குச் சொன்னது என்று தள்ளிவிட்டு, இரண்டாம் பாதியை அவமதிப்பு என்று எடுத்துக்கொள்வதே பலரும் செய்வது. உண்மையில் இரண்டாம் பாதியில்தான் செய்தி இருக்கிறது. தமக்குப் பழக்கமான பதிப்பாசிரியர்களின் பட்டியலில் இந்நூலுக்குரியவர் இல்லை என்கிறார் அவர். அப்படியானால் நூலுக்குரிய பதிப்பாசிரியர் முகவர்களை அதிகம் சாராத பதிப்பகம் ஒன்றில் இருக்கக்கூடும்; அங்கே முகவர் தேவையே இல்லாமல் போகலாம்.

‘குரலோடு ஒன்ற முடியவில்லை’ என்ற மறுப்பு இன்னும் சிக்கலானது. சொந்த மொழியில் எழுதிய எழுத்தாளருக்கு அது வந்தால் பொருள் ஒன்றுதான். மொழிபெயர்ப்புக்கு வந்தால், ஒன்றாத குரல் மூலத்தினுடையதா மொழிபெயர்ப்பினுடையதா என்பது அந்த ஒரு வரியிலிருந்து தெரியாது. முகவருக்கும் தெரியாது, ஏனெனில் பெரும்பாலும் அவருக்கு மூலமொழி தெரியாது. எழுத்தாளர் மொழிபெயர்ப்பைச் சந்தேகிப்பதும், மொழிபெயர்ப்பாளர் நூலைச் சந்தேகிப்பதும் இந்த இடத்தில்தான் தொடங்கும். இருவரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கடிதங்கள் குறையும், திருத்தங்கள் தாமதமாகும், பின்னர் ஒரு நாள் ‘வேறு ஆளைப் பார்க்கலாமா’ என்ற எண்ணம் தலைதூக்கும். அந்த எண்ணம் சரியா தவறா என்பதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. மாதிரியின் முதல் பத்துப் பக்கங்களை, மூலமொழியே தெரியாத, ஆங்கிலத்தில் நாவல்கள் படிக்கும் பழக்கமுள்ள ஒருவரிடம், மொழிபெயர்ப்பு என்று சொல்லாமல் கொடுத்து, எங்கே நிறுத்தினார் என்று மட்டும் கேட்க வேண்டும். அதே பக்கங்களை இரு மொழியும் அறிந்த இன்னொருவரிடம் மூலத்தோடு கொடுக்க வேண்டும். முதலாமவர் மூன்றாம் பக்கத்தில் நின்றுபோய், இரண்டாமவர் மூலம் அதே இடத்தில் ஓடுகிறது என்று சொன்னால் வேலை மொழிபெயர்ப்பில் இருக்கிறது. முதல் பக்கத்திலேயே நான்கு அடிக்குறிப்புகள் விழுந்திருப்பது போன்ற சிறு காரணமாகக்கூட அது இருக்கலாம். இருவரும் ஒரே இடத்தில் சலித்தால், எழுத்தாளர்தான் அத்தியாயத்தை மறுபடி பார்க்க வேண்டியவர். இந்தச் சோதனை நடக்காத வரையில், அடுத்து எந்த வழியைத் தேர்ந்தாலும் அதே மறுப்பு வேறு முகவரியிலிருந்து வந்துசேரும்.

இனி வழிகளுக்கு வருவோம். முகவர்களிடமே தொடர்வது முதல் வழி. ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்புவதை முகவர்கள் தவறாகக் கருதுவதில்லை. ஒருவர் ஏற்க முன்வந்தால் மற்றவர்களுக்குத் தெரிவித்துவிட வேண்டும் என்பது மட்டுமே மரபு. எனவே தொடர்வதால் வேறு எந்த வழியும் அடைபடுவதில்லை. செலவாவது காலமும் மனவலிமையும்தான். முழுக் கையெழுத்துப் பிரதியைக் கேட்டுப் படித்துவிட்டு மறுத்தவர்களும், குறிப்பிட்ட திருத்தங்களைச் சொல்லி மறுபடி அனுப்பச் சொன்னவர்களும் இருந்தால், இந்த வழியில் இன்னும் உயிர் இருக்கிறது. எல்லோரும் கடிதத்தையும் மாதிரியையும் மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிட்டார்கள் என்றால், அதே கடிதத்தை இன்னும் பலருக்கு அனுப்புவதில் பயன் குறைவு. கடிதத்தைத்தான் மாற்ற வேண்டும். மொழிபெயர்ப்பு நூலுக்கான அறிமுகக் கடிதத்தில், ஆங்கிலப் படைப்புக்கான கடிதத்தில் இல்லாத சில செய்திகள் முதல் பத்தியிலேயே வர வேண்டும்: ஆங்கில உரிமை யாரிடம் இருக்கிறது, எந்த நிலப்பரப்புகளுக்கு இருக்கிறது, மொழிபெயர்ப்பு எவ்வளவு முடிந்திருக்கிறது, மூலநூல் எப்போது யாரால் வெளியிடப்பட்டது, அது பெற்ற பரிசு அல்லது விமர்சனம் என்ன. உரிமை யாரிடம் என்பதே தெளிவில்லாத நூலை எடுத்துக்கொண்டு அலைய எந்த முகவரும் விரும்பமாட்டார்.

இவ்விடத்தில் ஒரு குறுக்குப் பேச்சு. மறுப்புகள் குவிந்திருக்கும் நேரத்தில்தான் ‘உங்கள் நூலைப் படித்துக் கருத்துச் சொல்லக் கட்டணம்’, ‘பதிப்பாளர்களிடம் அறிமுகம் செய்யக் கட்டணம்’ என்று கடிதங்கள் வரத் தொடங்கும். நேர்மையான முகவர் விற்றுக் கொடுத்த பிறகே தரகு எடுப்பார். படிப்பதற்குப் பணம் கேட்பவரை முகவராக எண்ண வேண்டியதில்லை. கேட்பதற்கு எளிதான இந்த விதி, மனம் தளர்ந்திருக்கும் நாளில் மறந்துபோகும்.

இரண்டாவது வழி, முகவர் இல்லாமல் சிறு பதிப்பகங்களை அணுகுவது. இதைச் சற்று விரிவாகவே பேச வேண்டும், ஏனெனில் மொழிபெயர்ப்பு இலக்கியத்தைப் பொறுத்தவரை இது தோற்றவர்களுக்கான இரண்டாந்தர வழி அன்று. 2022-இல் சர்வதேச புக்கர் பரிசு பெற்ற கீதாஞ்சலி ஸ்ரீயின் இந்தி நாவலை டெய்சி ராக்வெல்லின் மொழிபெயர்ப்பில் வெளியிட்டது டில்டட் ஆக்சிஸ். அது 2015-இல் மொழிபெயர்ப்பாளர் டெபோரா ஸ்மித் தொடங்கிய சிறு பதிப்பகம். 2025-இல் அதே பரிசைப் பெற்ற பானு முஷ்தாக்கின் கன்னடச் சிறுகதைகளை, தீபா பாஸ்தியின் மொழிபெயர்ப்பில் வெளியிட்டது அண்ட் அதர் ஸ்டோரீஸ். சந்தாதாரர்களின் முன்கட்டணத்தைத் துணையாகக் கொண்டு நூல்களை வெளியிடும் பதிப்பகம் அது. அன்னி எர்னோ 2022-லும் யோன் ஃபொஸ்ஸே 2023-லும் நோபல் பரிசு பெற்றபோது, இருவரையும் பிரிட்டனில் வெளியிட்டுவந்தது 2014-இல் தொடங்கப்பட்ட ஃபிட்ஸ்கரால்டோ எடிஷன்ஸ். பெருநிறுவனங்களின் வாசலில் பெரும்பாலும் முகவர் இல்லாமல் நிற்க முடியாது. இத்தகைய பதிப்பகங்களிலோ பதிப்பாசிரியர்களே மொழிபெயர்ப்பாளர்களோடு நேரடித் தொடர்பில் இருப்பார்கள், பலர் தாமே மொழிபெயர்ப்பாளர்கள். ஆண்டில் குறிப்பிட்ட காலத்தில் மட்டும் படைப்புகளை ஏற்பதும், மொழிபெயர்ப்பாளர் எழுதும் முன்மொழிவை எதிர்பார்ப்பதும் இவற்றில் காணப்படும் வழக்கங்கள்.

இந்த வழியில் பேசவேண்டியவர் எழுத்தாளரைவிட மொழிபெயர்ப்பாளரே. முகவருக்கு எழுதும் கடிதம் ‘இது விற்கும்’ என்று காட்ட வேண்டும். சிறு பதிப்பகத்துக்கு எழுதும் கடிதமோ ‘நீங்கள் வெளியிட்ட இன்ன நூலுக்குப் பக்கத்தில் இது நிற்கும், இன்ன விதத்தில் அதிலிருந்து விலகும்’ என்று காட்ட வேண்டும். அப்பதிப்பகத்தின் இரண்டு மூன்று நூல்களையாவது முழுதாகப் படிக்காமல் இக்கடிதத்தை எழுத முடியாது. நான் கண்டவரையில், இருபது பதிப்பகங்களுக்கு ஒரே கடிதத்தை அனுப்புவதைவிட, நான்கு பதிப்பகங்களின் நூற்பட்டியலைக் கருத்தூன்றிப் படித்து நான்கு வெவ்வேறு கடிதங்கள் எழுதுவது குறைவான வேலையாகவும் முடிகிறது, மறுப்பு வந்தாலும் குறைவாக வலிக்கிறது. யாரை அணுகினோம், ஏன் அணுகினோம் என்பது நமக்கே தெளிவாக இருக்கும்போது, அவர்கள் ஏன் மறுத்தார்கள் என்பதும் ஓரளவு விளங்கும்.

ஆனால் இந்த வழியில் அடைபடும் கதவு ஒன்று உண்டு. ஒரு பதிப்பாசிரியர் ஒருமுறை மறுத்த நூலை, பின்னால் கிடைக்கும் முகவர் அதே பதிப்பாசிரியரிடம் மறுபடி கொண்டுபோவது கடினம். முகவர்கள் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று, ‘இதை ஏற்கெனவே யார் யார் பார்த்துவிட்டார்கள்’ என்பது. பத்துப் பதிப்பகங்களின் பெயரைச் சொல்ல நேர்ந்தால், அவருக்குக் கொண்டுபோக இடமே இராது. ஆகவே சிறு பதிப்பகங்களை அணுகும்போது முகவர் இல்லாமலேயே ஏற்கும் இடங்களை மட்டும் அணுகுவதும், பெரிய நிறுவனங்களின் இலக்கியப் பிரிவுகளைத் தொடாமல் வைத்திருப்பதும் நல்லது. பணத்தைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பைத் தாழ்த்திக்கொள்ளத்தான் வேண்டும். முன்பணம் சிறியதாக இருக்கும். விளம்பரத்துக்கு ஆள்பலம் இராது. அதோடு, உலகம் முழுவதுக்குமான ஆங்கில உரிமையைச் சிறு பதிப்பகம் கேட்கும். அது தன்னால் விற்க முடியாத நிலப்பரப்புக்கும் உரிமை கேட்கிறதா என்று பார்த்து, அங்குள்ள உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொள்ள முயல்வது நியாயம். ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல முகவர் இல்லையே என்ற அச்சத்துக்கும் விடை இருக்கிறது. பிரிட்டனின் எழுத்தாளர் சங்கமான சொசைட்டி ஆஃப் ஆதர்ஸ் தன் உறுப்பினர்களின் ஒப்பந்தங்களைப் படித்துக் கருத்துச் சொல்கிறது. அமெரிக்க எழுத்தாளர் சங்கமான ஆதர்ஸ் கில்டு 2021-இல் இலக்கிய மொழிபெயர்ப்புக்கான மாதிரி ஒப்பந்தத்தையே வெளியிட்டது. அதில் உள்ள ஒவ்வொரு பிரிவுக்கும் விளக்கம் இருப்பதால், கையில் இருக்கும் ஒப்பந்தத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மூன்றாவது வழியான இதழ்களையும் நல்கைகளையும் தனி வழி என்று சொல்வதைவிட, மற்ற எல்லா வழிகளுக்கும் முன்னால் போடவேண்டிய படி என்றே சொல்வேன். 2003-இல் தொடங்கிய வேர்ட்ஸ் விதவுட் பார்டர்ஸ், 2011-இல் தொடங்கிய அசிம்ப்டோட் போன்ற இதழ்கள் மொழிபெயர்ப்புக்கென்றே நடத்தப்படுபவை. நாவலின் ஓர் அத்தியாயமோ தொகுப்பின் ஒரு கதையோ அங்கே வெளிவந்துவிட்டால், அடுத்த கடிதத்தில் எழுதுவதற்குப் புதிதாக ஒரு வரி கிடைக்கும். அதைவிட முக்கியமாக, நூலுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பதிப்பாசிரியர் மொழிபெயர்ப்பை வரிவரியாகத் திருத்திக் கொடுத்திருப்பார். மறுப்புக் கடிதங்களிலிருந்து கிடைக்காத கருத்து அது. மூல எழுத்தாளரின் அனுமதி இருப்பதற்கான சான்றை இவ்விதழ்கள் கேட்கும். அப்போதுதான் உரிமையைப் பற்றி இதுவரை வாய்வழியாகவே பேசிவந்தவர்கள் முதல்முறையாக அதை எழுத்தில் தருவார்கள். இதுவும் ஒரு லாபம். நூலின் சிறு பகுதி இதழில் வெளிவருவதைப் பதிப்பகங்கள் தடையாகக் கருதுவதில்லை. தொகுப்பின் பெரும்பகுதியும் இதழ்களில் வந்துவிட்டால் மட்டுமே தயக்கம் எழும்.

நல்கைகளில் இரண்டு வகை உண்டு என்பதைக் கவனிக்காமல் பலர் நேரத்தை வீணாக்குகிறார்கள். எழுத்தாளர் அமைப்பான பென் அமெரிக்கா வழங்கும் பென்/ஹைம் மொழிபெயர்ப்பு நிதிக்கு மொழிபெயர்ப்பாளர் தாமே விண்ணப்பிக்கலாம். பதிப்பகம் இன்னும் கிடைக்காத நூல்களுக்கும் அது கிடைக்கும். மொழிபெயர்ப்பாளர் மைக்கேல் ஹென்றி ஹைம் தம் குடும்பத்தின் பணத்தைப் பெயர் சொல்லாமல் கொடுத்து 2003-இல் உருவான நிதி அது; கொடுத்தவர் யார் என்பது 2012-இல் அவர் இறந்த பிறகே வெளியே தெரிந்தது. இங்கிலிஷ் பென் அமைப்பின் ‘பென் டிரான்ஸ்லேட்ஸ்’ திட்டமோ வேறு மாதிரி. அதற்கு விண்ணப்பிக்க வேண்டியது பதிப்பகம். மொழிபெயர்ப்புச் செலவில் 75 விழுக்காடு வரையும், ஆண்டு வரவு 5,00,000 பவுண்டுக்குக் குறைந்த பதிப்பகமாயின் முழுச் செலவு வரையும் அது ஈடுகட்டும். மேலே போட்ட 8,000 பவுண்டுக் கணக்கை இதோடு சேர்த்துப் பார்த்தால், சிறு பதிப்பகத்துக்கு எழுதும் கடிதத்தில் ‘இத்தகைய நல்கைக்கு இந்நூல் தகுதி பெறும் என்று கருதுகிறோம்’ என்ற வரிக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்பது விளங்கும். பல நாடுகள் தங்கள் இலக்கியம் பிறமொழிக்குப் போவதற்கென்றே நிதி ஒதுக்குகின்றன. கொரியாவின் இலக்கிய மொழிபெயர்ப்பு நிறுவனமும் நார்வேயின் நோர்லாவும் எடுத்துக்காட்டுகள். மூலநூலின் நாட்டில் அப்படி ஒன்று இருந்தால், முகவர் தேடுவதற்கு முன்பே அதன் விதிகளைப் படித்திருக்க வேண்டும்.

நான்காவது வழி மூலநூலின் பதிப்பகம் வழியாகப் போவது. இதில் முதல் கேள்வி விருப்பத்தைப் பற்றியதே அன்று, உரிமையைப் பற்றியது. மொழிபெயர்க்கவும் மொழிபெயர்க்க அனுமதிக்கவும் ஆசிரியருக்கே தனியுரிமை உண்டு என்பது பதிப்புரிமை பற்றிய சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின் 8-ஆம் பிரிவு. ஆனால் மூலநூலுக்குப் போட்ட ஒப்பந்தத்தில் அந்த உரிமையை ஆசிரியர் பதிப்பகத்துக்கு எழுதிக்கொடுத்திருக்கலாம். அப்படியிருந்தால் முகவரையோ சிறு பதிப்பகத்தையோ தாமாக அணுகும் உரிமையே அவருக்கு இல்லை. ஒப்பந்தத்தை எடுத்துப் படிப்பதுதான் செய்ய வேண்டிய முதல் வேலை. பதிப்பகத்தில் உரிமை விற்பனைக்கென்று ஓர் ஆள் இருந்து, அவர் அக்டோபரில் ஃபிராங்க்ஃபர்ட் புத்தகச் சந்தைக்குப் போய் அரைமணி நேரத்துக்கு ஒரு பதிப்பாசிரியரைச் சந்திப்பவராக இருந்தால், ஆங்கிலத்துக்கு அப்பாலும் வாய்ப்புகள் திறக்கும். பிரெஞ்சிலோ ஜெர்மனிலோ முதலில் விற்ற நூலை ஆங்கிலப் பதிப்பாசிரியர்கள் வேறு கண்ணோடு பார்ப்பார்கள். அப்படி ஆள் இல்லாத பதிப்பகத்திடம் உரிமை முடங்கிக் கிடந்தால், ஒரு கால வரம்பு குறிப்பிட்டு அதற்குள் விற்காவிட்டால் உரிமையைத் திருப்பித் தருமாறு எழுத்தில் கேட்பதைத் தவிர வேறு நல்ல யோசனை என்னிடம் இல்லை.

ஐந்தாவது, தாமே பதிப்பிப்பது. இதைப் பற்றிய என் கருத்து கடுமையானது, ஆனால் முற்றிலும் எதிரானது அன்று. கணக்கை முதலில் பார்ப்போம். அமேசானின் கிண்டில் பதிப்பில் 2.99 டாலர் முதல் 9.99 டாலர் வரை விலை வைக்கும் மின்னூலுக்கு 70 விழுக்காடும், அந்த எல்லைக்கு வெளியே 35 விழுக்காடும் பங்கு கிடைக்கிறது. 4.99 டாலர் விலையில் ஒரு பிரதிக்கு ஏறத்தாழ மூன்றரை டாலர். மொழிபெயர்ப்பாளருக்கு 10,000 டாலர் அளவில் நியாயமான ஊதியம் கொடுத்திருந்தால், அதை மீட்கவே 3,000 பிரதிகளுக்குக் கொஞ்சம் குறைவாக விற்க வேண்டும்; அட்டை, மெய்ப்பு, விளம்பரம் எல்லாம் தனி. கதவுகளைப் பொறுத்தவரை இழப்பு இதைவிடப் பெரிது. ஆங்கிலத்தில் ஒருமுறை வெளிவந்துவிட்ட நூலைப் புதிய நூலாக எடுத்துக்கொள்ள முகவர்களும் பதிப்பகங்களும் தயங்குவார்கள். சர்வதேச புக்கர் பரிசின் விதிகள் ஆசிரியர் தாமே பதிப்பித்த நூலை ஏற்பதில்லை. பென் டிரான்ஸ்லேட்ஸ் போன்று பதிப்பகம் விண்ணப்பிக்கும் நல்கைகளும் போய்விடும். வேறு வழிகளில் தோற்றால் இங்கே வரலாம், இங்கிருந்து மற்றவற்றுக்குத் திரும்புவது அரிது. மொழிபெயர்ப்புச் செலவை மிச்சப்படுத்த இயந்திர மொழிபெயர்ப்பை எடுத்துச் செப்பனிட்டு வெளியிடும் யோசனையும் இந்த வழியோடு ஒட்டிக்கொண்டே வரும். மனிதப் படைப்பு இல்லாத பகுதிக்கு அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் பதிப்புரிமை தருவதில்லை என்பதை மட்டும் அதற்கு முன் நினைவில் கொள்ளலாம். ஆனால் எழுத்தாளர் முதியவர், தம் நூலை ஆங்கிலத்தில் படிக்கக் காத்திருக்கும் பேரப்பிள்ளைகளோ, ஒரு குறிப்பிட்ட ஆய்வுத் துறையின் வாசகர்களோ இருக்கிறார்கள், பரிசும் விமர்சனமும் நோக்கமில்லை என்றால், இதுவே நேரான வழி. அப்போது இதைத் தோல்வியின் முடிவாக எண்ணுவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

ஆறாவது வழியான காத்திருத்தலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். எதுவும் செய்யாமல் காத்திருப்பதற்கும், வேறொரு நூலை மொழிபெயர்த்துக்கொண்டே இதை எடுத்து வைத்திருப்பதற்கும் வேறுபாடு பெரிது. ஓல்கா தொகார்ச்சுக்கின் நாவல் ஒன்று போலிஷ் மொழியில் 2007-இல் வெளிவந்தது. ஜெனிஃபர் குரோஃப்ட்டின் ஆங்கில மொழிபெயர்ப்பில் அது 2017-இல்தான் வெளியாயிற்று, மறு ஆண்டு, அப்போது மேன் புக்கர் சர்வதேசப் பரிசு என்று அழைக்கப்பட்ட அதே சர்வதேச புக்கர் பரிசைப் பெற்றது. பத்தாண்டு இடைவெளியால் அந்நூலின் தரம் கெட்டுவிடவில்லை. செய்திக் கட்டுரையைப் போல நாவலுக்குக் கெடு தேதி இல்லை என்பதே இதில் உள்ள ஆறுதல். உரிமை அனுமதிக்குக் கெடு தேதி உண்டு என்பது இதில் உள்ள எச்சரிக்கை. மொழிபெயர்ப்பாளருக்கு எழுத்தாளர் கொடுத்த அனுமதி எவ்வளவு காலத்துக்கு என்பதை இருவரும் குறித்துவைத்திருக்க வேண்டும்.

மொத்தத்தில் நான் பரிந்துரைக்கும் வரிசை இது. உரிமை ஆசிரியரிடம் இருக்கிறதா என்பதை உறுதிசெய்து, முதல் பத்துப் பக்கச் சோதனையை முடித்து, மறுபடி யாருக்கும் அனுப்புவதற்கு முன் ஒரு பகுதியை இதழுக்கும் மொழிபெயர்ப்பாளர் தரப்பிலிருந்து ஒரு விண்ணப்பத்தை நல்கைக்கும் அனுப்ப வேண்டும். முழுப் பிரதியைக் கேட்டுப் படித்த முகவர்கள் இருந்திருந்தால், திருத்திய மாதிரியோடு இன்னும் ஒரு சுற்று முகவர்களைப் பார்க்கலாம். கடிதத்தோடு நின்றுவிட்டவர்கள் மட்டுமே இருந்திருந்தால், முகவர் தேடலை நிறுத்திவிட்டுச் சிறு பதிப்பகங்களுக்குப் போவதே மேல். சிறுகதைத் தொகுப்புக்கும் கவிதைக்கும் முதலிலிருந்தே முகவர் தேடலைத் தவிர்த்துவிடலாம் என்பது என் எண்ணம். அவற்றின் முன்பணத்தில் முகவருக்கு வரக்கூடிய பங்கு அஞ்சல் செலவைத் தாண்டுவதே அரிது. குற்றப் புனைவு, பெரிய வாசகர் வட்டத்தை எதிர்பார்க்கும் வரலாற்று நாவல் போன்றவற்றுக்கு இது பொருந்தாது. அவற்றில் முகவரின் பங்கு கணிசமாக இருக்கக்கூடும், எனவே இன்னும் பொறுமையாகத் தேடலாம்.

மறுப்புகளைத் தாங்குவதைப் பற்றித் தனியாகச் சொல்ல அதிகமில்லை. இருவரில் ஒருவர் மட்டும் கடிதங்களைப் பெற்றுக்கொள்வது என்றும், வந்த கடிதங்களை மாதத்துக்கு ஒருமுறை சேர்த்துப் பேசுவது என்றும் எழுத்தாளரும் மொழிபெயர்ப்பாளரும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டால், ஒவ்வொரு மறுப்பும் அன்றைய வேலையைக் குலைப்பது குறையும். யாருக்கு, எந்த மாதிரி, எந்தத் தேதியில், என்ன பதில் என்று நான்கு நிரல் கொண்ட ஓர் அட்டவணையை வைத்துக்கொள்வதும் உதவும். ‘எல்லோரும் மறுத்துவிட்டார்கள்’ என்று மனம் சொல்லும்போது, அட்டவணையில் பாதிப் பேர் பதிலே சொல்லவில்லை என்பது கண்ணில் படும்.

ஒரு சிறு பதிப்பகம் ஏற்கிறோம் என்று எழுதிவிட்டால், அன்றே ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. இரண்டு வாரம் அவகாசம் கேட்பது வழக்கத்துக்கு உட்பட்டதுதான், அதற்காகப் பதிப்பகங்கள் பொதுவாகப் பின்வாங்குவதில்லை. அந்த இரண்டு வாரத்தில், முன்பு நூலைப் பாராட்டி மறுத்த முகவருக்கு ஒரு கடிதம் எழுதலாம்: பதிப்பகம் கிடைத்திருக்கிறது, ஒப்பந்தத்தைப் பேசித்தர விருப்பமா என்று. சிலர் தரகின் அளவைப் பார்த்து இப்போதும் மறுப்பார்கள். ஏற்பவர் ஒருவர் கிடைத்தால், ஆங்கில ஒப்பந்தத்தைவிட, இன்னும் விற்கப்படாமல் இருக்கும் பிறமொழி உரிமைகளுக்கும் திரைப்பட உரிமைக்கும் அவரால் என்ன செய்ய முடியும் என்பதையே முதலில் கேட்க வேண்டும்.